வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அண்ணா. கடலூர் முதுநகரில் இருக்கிறேன், வயது 31. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வாடகை வண்டியில் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் அனுப்பி வருகிறேன். வாடகையே லாபத்தைத் தின்று விடுவதால் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாம் என்று புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் ஒரு வண்டி பார்த்தேன். 2018 மாடல், பி.எஸ்.4 டீசல், மீட்டரில் 92,000 கி.மீ., 4,80,000 ரூபாய் சொல்கிறார்கள். பர்னிச்சர் ஏற்றிய வண்டி என்கிறார் புரோக்கர். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வருகிறது, முதல் கியரில் எடுக்கும்போது பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். புகை குளிருக்கு வருவது, சத்தம் கிரீஸ் அடித்தால் போய்விடும் என்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்டியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. நகையை வைத்துப் பணம் புரட்டியதாக நீங்கள் எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் மீதியைக் கொடுக்கும் முன் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

நன்றாக ஓடுகிறது என்கிறீர்களே, லோடு ஏற்றியா ஓட்டினீர்கள்? வெறும் வண்டியைத்தான் ஓட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெறும் பிக்கப்பில் நோய் எதுவும் வெளியே தெரியாது. தேய்ந்த கிளட்ச் கூட வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும், பல் தின்றுபோன கிரவுன் (பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற பெரிய பல் சக்கரம்) கூட சத்தம் போடாமல் சுற்றும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) கசிகிற இன்ஜின் கூட இருபது நிமிஷம் சூடாகாமல் ஓடும். ஒரு டன் மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும்.

இது என் சொந்த வீட்டில் நடந்தது. 2017 பலா சீசனில் என் மச்சான் பண்ருட்டியில் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். நானும் கூடப் போய், வெறும் வண்டியை நாலு கி.மீ. ஓட்டிப் பார்த்து, இன்ஜின் சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது நடை, பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போகும் வழியில், திண்டிவனம் தாண்டுவதற்குள் ராத்திரி ஒரு மணிக்கு கிரவுனும் அதைச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரமான பினியனும் போய்விட்டன. பழத்தை வேறு வண்டிக்கு மாற்ற ஆள் கிடைக்காமல் மறுநாள் மதியம் வரை வெயிலில் நின்றது, பாதிக்கு மேல் வீணாய்ப் போனது. வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது பினியன் பற்களில் பழைய அடி இருந்தது, அது வாங்கும் முன்பே பட்ட அடி. அன்றைக்கு ஒரு டன் ஏற்றி ஓட்டியிருந்தால் எனக்கே காதில் விழுந்திருக்கும். அதிலிருந்து லோடு இல்லாமல் எந்த வண்டிக்கும் நான் ஆமாம் சொல்வதில்லை. உங்களுடையது மீன். பலாப்பழமாவது அரை நாள் தாங்கியது, மீன் அதுகூடத் தாங்காது.

சரி, லோடுக்கு எங்கே போவது? உங்களிடம் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் கட்டாயம் இருக்கும். ஐந்து டிரம்மைக் காலியாக எடுத்துப் போய், வில்லியனூரில் வண்டிக்காரர் வீட்டிலேயே விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, கயிறு போட்டு நன்றாகக் கட்டுங்கள். அதுவே ஒரு டன். அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் அலைந்து பிரேக் போடும்போது வண்டியைத் தள்ளும், அதனால் விளிம்பு வரை நிரப்புங்கள். ஆர்.சி.யில் மொத்த எடையும் வெறும் எடையும் போட்டிருக்கும், இரண்டையும் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வரும். அதற்கு மேல் போக வேண்டாம். விற்கிறவர் லோடு ஏற்றிப் பார்க்கக் கூடாது என்றால் அப்படியே கிளம்பி வந்துவிடுங்கள், அதற்கு மேல் அங்கே விசாரிக்க ஒன்றும் இல்லை.

டிரம் ஏற்றுவதற்கு முன் காலை வேலை ஒன்று இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஆறு மணிக்குப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியை அப்போதே திறந்து பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலண்ட் இருந்தால் நல்லது. துருப்பிடித்த காவித் தண்ணீர் இருந்தால் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, அது ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் உள்ளேயிருந்தே தின்றுவிடும். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழி வருவது பரவாயில்லை, நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது.

இப்போது உங்கள் வெள்ளைப் புகைக்கு வருகிறேன். குளிருக்கு வருகிறது என்று சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஊட்டியில் சொன்னால் சரி, நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் கூட டீசல் இன்ஜின் புகை விடுகிற குளிர் கிடையாது. அந்தப் புகையை மோந்து பாருங்கள். பச்சை டீசல் வாடை அடித்து, கண் எரிந்து, இன்ஜின் ஒரு மாதிரி தடதடவென்று உதறி, இரண்டு மூன்று நிமிஷத்தில் சரியாகிறதென்றால் எரியாத டீசல் வெளியே வருகிறது. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகலாம், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக் போயிருக்கலாம், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்றை அழுத்துகிற பலம்) குறைந்திருக்கலாம். டீசல் வாடை இல்லாமல் லேசாகத் தித்திப்பு வாடை வந்து, சூடான பிறகும் நிற்காமல், கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால் அது தண்ணீர் எரிகிற புகை. நீலமாக வந்தால் ஆயில். இந்த மூன்றில் முதலாவதைப் பெரும்பாலும் எளிதாகச் சரிசெய்யலாம், மற்ற இரண்டுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரலாம். டர்போ சீல் மட்டும் போயும் நீலப் புகை வரும் என்பதால் நீலம் கண்டதும் பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் பார்க்காமல் விடவும் கூடாது.

இன்ஜெக்டரைப் பார்க்க ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பி.எஸ்.4 பிக்கப் என்றால் பெரும்பாலும் காமன் ரெயில் இன்ஜின்தான், அதாவது ரெயில் என்கிற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் (மீதி டீசல் திரும்புகிற குழாய்) கழற்றி நாலு சின்ன பாட்டிலில் விட்டு, சில நிமிஷம் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓட விட்டால் நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் சேர வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மளமளவென்று நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. இதை டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற இரும்புக் குழாயை ஓடும் இன்ஜினில் யாரும் தொடக் கூடாது, லோடில் அதற்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், ஊசி மாதிரி பீய்ச்சுகிற டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். நாலு இன்ஜெக்டரையும் புதிதாகப் போட வேண்டி வந்தால் நீங்கள் பேசிக் குறைத்த பணமெல்லாம் அதிலேயே போய்விடும், அதனால் மெக்கானிக் கூலி கொடுத்தாவது இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள்.

அதே நேரம், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயில் தலைகீழாகச் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடுவது வழக்கம். துள்ளி விழுந்தாலோ வாயிலிருந்து குப்குப்பென்று புகை வந்தாலோ சிலிண்டர் காற்று கீழே கசிகிறது, இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். காபியில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே நின்று டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்திருக்கிறது.

அப்புறம் அந்த ‘டொக்’. புரோக்கர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் முன்னும் பின்னும் நகர்கிற ஸ்பிளைன் (வரிப் பற்கள் உள்ள இணைப்பு) இருக்கிறதே, அது கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால் எடுக்கும்போது இப்படி ஒரு சத்தம் வரும், கிரீஸ் அடித்தால் போயும் விடும். ஆனால் அந்த ஷாஃப்ட்டின் மூட்டான யூ.ஜே. கிராஸ் தேய்ந்தாலும் இதே சத்தம்தான், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்தாலும் இதே சத்தம்தான், பின் ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலில் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் இடைவெளி கூடினாலும் இதேதான். எது என்று பார்க்க, சமதளத்தில் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டு, கீழே படுத்துப் புரொப்பெல்லரைக் கையால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம். கிராஸ் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் சின்னச் செலவு. கிராஸ் இறுக்கமாக இருந்து, பினியன் தலையில் ஷாஃப்ட்டை இணைக்கிற பிளாஞ்ச் மட்டும் ‘கடக் கடக்’ என்று நிறையத் திரும்பினால் தேய்மானம் ஹவுசிங்குக்குள், அதாவது கிரவுனும் பினியனும் இருக்கிற பின் பெட்டிக்குள் இருக்கிறது. துளி இடைவெளி எல்லா வண்டியிலும் இருக்கும், அது இல்லாமல் பல் சுற்றாது.

ஹவுசிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் வண்டியில் எனக்கு அதிகக் கவலை அங்கேதான். வில்லியனூர் வண்டி என்கிறீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன, அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, மேலே இருக்கிற பிரீதர் என்கிற மூச்சுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. ஆயிலோடு கலந்து பேரிங்கைத் துருவாக்கும், சத்தம் வர ஆறு மாதம் ஒரு வருஷம் கூட ஆகும். அதனால் ஹவுசிங்கின் பக்கத்து பிளக்கைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள், கியர்பாக்ஸிலும் அப்படியே. பால் நிறம் என்றால் தண்ணீர். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிற மாவு மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணம், நகம் அளவு சில்லு ஒட்டியிருந்தால் பல் உடைந்துகொண்டிருக்கிறது. ஆயில் தேன் மாதிரி கெட்டியாக, புத்தம் புதிதாக இருந்தால் எதற்காக இப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்.

பர்னிச்சர் ஏற்றிய வண்டியா என்பதையும் அடியில் படுத்தே தெரிந்துகொள்ளலாம். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் பின் ஆக்சில் மேலேயே வடியும். தொட்டியின் அடித்தகடு, சேஸிஸ் குறுக்குச் சட்டம், பிரேக் பைப், வயர் கப்ளர் எல்லாம் பொருக்குத் துருவாக இருக்கும். பின் ஸ்பிரிங் பட்டையை எண்ணிப் பாருங்கள். கம்பெனி போட்டதற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால், அதுவும் புதிதாக இருந்தால், அந்த வண்டி பர்னிச்சர் சுமந்ததில்லை, அளவுக்கு மீறி ஏற்றித்தான் ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பாரத்தையெல்லாம் கிளட்சும் கிரவுனும்தான் சுமந்திருக்கும்.

மீட்டரில் 92,000 என்பதும் எனக்கு ஒட்டவில்லை. ஏழு வருஷம், வருஷத்துக்கு 300 நாள் ஓடியது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 44 கி.மீ. வருகிறது. வாடகைக்கு ஓடுகிற பிக்கப் அவ்வளவு குறைவாக ஓடுமா? சொந்தக் கடைக்கு மட்டும் ஓடியிருந்தால் இருக்கலாம். கிளட்ச் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் வழுக்குகிறதா என்று பாருங்கள், பழைய சர்வீஸ் பில்லில் எழுதியிருக்கும் கி.மீ.யைக் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஐந்து டிரம்மோடு கிளம்புங்கள். புதுச்சேரி பக்கம் வந்தால் வழியில் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் இருக்கிறது, அதில் மூன்றாவது கியரில் மெதுவாக ஏறி நடுவில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கறும்புகை கக்கி இழுவை இல்லாவிட்டால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற ஈ.ஜி.ஆரில் கரி அப்பியிருக்கலாம். பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து விடுங்கள், அப்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸ் வேலை இருக்கிறது. அப்புறம் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, 50, 60 வேகத்தில் காது கொடுங்கள். ஆக்சிலேட்டர் மிதித்தால் ‘ஙொய்ங்’ என்று ஊளை, விட்டால் நின்றுவிடுகிறது, அல்லது விட்டால் மட்டும் வருகிறது என்றால் கிரவுன் பினியன் பக்கம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங், அது சமாளிக்கக் கூடியது. குறிப்பிட்ட வேகத்தில் சீட்டுக்கடியில் அதிர்ந்தால் புரொப்பெல்லரின் சென்டர் பேரிங்கைப் பாருங்கள்.

நிறுத்திய பிறகு நியூட்ரலில் ஐடிலில் விட்டு கிளட்சை மிதித்து விட்டுப் பாருங்கள். மிதித்தால் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸ் உள் பேரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஆனால் செலவு ஒன்றல்ல.

இருபது கி.மீ.யாவது ஓட்டுங்கள். சூடு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரொம்ப நேரம் ஆகியும் முள் ஏறவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், பழைய வண்டிகளில் சூடாகிற நோயை மறைக்க, இன்ஜின் சூட்டைச் சரியான அளவில் நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாமல் ஓடுகிற இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடிச் சீக்கிரம் தேயும். திரும்பி வந்ததும் இன்னொரு முறை ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் பாருங்கள், காலையில் இல்லாதது இப்போது வரலாம்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. புதுச்சேரி பதிவு என்றால் அங்கிருந்து என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று) படிவம் 28, பெயர் மாற்ற 29, 30, ஃபைனான்ஸ் இருந்தால் அதை நீக்க 35, அதற்கு மேல் தமிழ்நாட்டு வரி தனி. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும். எட்டு வருஷம் தாண்டிவிட்டால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருஷா வருஷம் எடுக்க வேண்டும், 2018 வண்டிக்கு அதையும் கணக்கில் வையுங்கள். ஃபைனான்ஸ் நீக்கிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். இன்ஜெக்டர், கிராஸ், கிளட்ச் பிளேட், வீல் பேரிங் இதோடு போனால் வாங்கலாம், உங்கள் மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேக் கம்ப்ரஷன், நிற்காத குமிழி, ஹவுசிங்கில் பால் நிற ஆயில், காந்தத்தில் சில்லு, இதில் ஒன்று இருந்தாலும் அவர் ஒரு லட்சம் குறைத்தாலும் வேண்டாம். வண்டி பணிமனையில் நிற்கிற நாளெல்லாம் நீங்கள் வாடகையும் கொடுத்து, நகைக்கு வட்டியும் கட்ட வேண்டியிருக்கும்.

புரோக்கர் கூட்டி வருகிற மெக்கானிக் வேண்டாம், முதுநகரில் மீன் வண்டி பார்க்கிற கை யாரையாவது நீங்களே கூட்டிப் போங்கள். ரிட்டர்ன் டெஸ்ட் செய்ததும் நாலு பாட்டிலையும் வரிசையாக வைத்து, எந்த பாட்டில் எந்த சிலிண்டர் என்று எழுதி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஹவுசிங் ஆயில் தொட்ட விரலையும் வெளிச்சத்தில் ஒரு போட்டோ. பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.